நல்லதங்காள் பிழைத்திருந்தால்

நல்லதங்காள் கதைப்பாடலைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். பஞ்சம், அண்ணன் வீடு, மூளி அலங்காரி அடைத்த கதவு, ஏழு பிள்ளைகள், பாழுங்கிணறு. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் படிக்க வரும் மாணவிகளுக்குக் கிணற்றை விளக்கத் தேவையில்லை. கோடையில் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம் அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை பாடம் முடிந்ததும் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அம்மா, நல்லதங்கா மட்டும் பொழச்சிருந்தா போலீஸ் புடிச்சிருக்குமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தீர்ப்பும் எழுதப்பட்டிருக்கிறது.

1951இல் மத்திய பாரதத்தில் ஒரு பெண், நாத்தனாரோடு சண்டை முற்றி, 'வீட்டை விட்டுப் போ' என்ற சொல் கேட்டு, மூன்று பிள்ளைகளுடன் கிணற்றில் குதித்தார். அவரைத் தூக்கிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. வீட்டுச் சண்டை கொலைக்குச் சமாதானம் ஆகாது என்று உயர்நீதிமன்றம் கொலைக் குற்றத்தை உறுதிசெய்தது, ஆயுள் தண்டனைதான். ஆனால் அதே நீதிமன்றம், தண்டனையை மூன்றாண்டாகக் குறைக்கும்படி அரசுக்குப் பரிந்துரைத்தது. சட்டத்துக்குள் இடமில்லாத இரக்கத்தை நீதிபதிகள் சட்டத்துக்கு வெளியே தேடினார்கள்.

ஏன் உள்ளே இடமில்லை? 1860இல் இயற்றப்பட்டு 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. 'கடுமையான, திடீர்' சினமூட்டலில் தன்னிலை இழந்து கொன்றால் அது கொலையாகாது, குறைந்த குற்றமாகும். 'திடீர்' என்ற அந்தச் சொல்தான் வாசலில் நிற்கும் காவல்காரன். கைக்கெட்டும் ஆயுதமும் அதை ஓங்கும் பலமும் உள்ளவருக்குத் திடீர்ச் சினம் பயன்படும். பத்து வருடம் அடி வாங்கியவள் அடிவிழும் நேரத்தில் திருப்பி அடித்தால் செத்துப்போவாள். அவள் சினம் சேர்ந்து சேர்ந்துதான் வெளிவரும். ஆறப்போட்ட சினத்தைச் சட்டம் திட்டம் என்று பெயரிட்டு வாசித்தது. (நானாவதி வழக்கில் ஆணுக்கும் இதே கணக்குதான் போட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மனைவியின் காதலனைச் சுடுவதற்கு முன் சில மணி நேரம் கடந்துவிட்டதால் உச்சநீதிமன்றம் விலக்கை மறுத்தது. ஆனால் வெளியே அவருக்காகப் பத்திரிகைகளும் பெருங்கூட்டமும் நின்றன. 1964இல் ஆளுநர் மன்னிப்பும் வந்தது.)

இந்த வாசலைச் சென்னை உயர்நீதிமன்றம் 1989இல் சற்றே திறந்தது. குழந்தைகளோடு கிணற்றில் விழுந்து தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் மேல்முறையீடு அது. அவர் பெயர் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது, நான் எழுதவில்லை. நீதிபதி ஜனார்த்தனம் 'தொடர் சினமூட்டல்' என்ற கருத்தை அங்கே முன்வைத்தார். பல நாள் நடந்த பல கொடுமைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும். கடைசியில் நடந்தது மிக அற்பமானதாகக்கூட இருக்கலாம் என்றார். இது 'திடீர்' விலக்குக்குள் அடங்குவதல்ல, நீதிமன்றங்கள் சேர்த்துக்கொண்டது என்பதையும் மறைக்கவில்லை. அந்த மனநிலைக்குத் தீர்ப்பு வைத்த பெயர்: நல்லதங்காள் நோய்க்குறி. பின்னாளில் கணவனைக் கொன்ற பெண்களின் வழக்குகளுக்கும் அது உதவியது. இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியாவின் கொலைத் தண்டனை ரத்தானது 1992இல்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுப்புறப் பாடல் முந்திக்கொண்டது.

தமிழ் படித்தவளாக எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் 'நோய்க்குறி' என்ற சொல் உறுத்துகிறது. பாட்டில் அவளுக்கு நோய் இல்லை, பசி இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. இன்னொன்று: பாட்டில் பழி முழுக்க அண்ணி தலையில் விழுகிறது. தங்கையையும் பிள்ளைகளையும் பஞ்சத்தில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்ட கணவனை யாரும் விசாரிப்பதில்லை. 1951 வழக்கைப் படித்தவர் மனதிலும் நிற்பது நாத்தனார்தான்.

இரக்கத்துக்கும் ஒரு தகுதித் தேர்வு உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம் நால்வரின் தூக்கை உறுதிசெய்தபோது, நளினியின் தூக்குக்கு மட்டும் நீதிபதி கே.டி. தாமஸ் உடன்படவில்லை. அவர் ஒரு பெண், சிறையில் பிறந்த பெண் குழந்தைக்குத் தாய், பிறர் சொல்படி நடந்தவர் என்று காரணங்கள் சொன்னார். மற்ற இரு நீதிபதிகள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு தமிழக ஆளுநர் பாத்திமா பீவி, உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர், தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். நளினி உயிரோடிருப்பதில் எனக்கு நிம்மதி. அந்தக் காரணங்களைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம். பிள்ளை இல்லாதவள், யார் சொல்லும் கேட்காமல் தானாக முடிவெடுத்தவள் எந்தக் கதவைத் தட்டுவாள்?

2018இல் சென்னைப் புறநகரில் ஒரு தாய், காதலுக்குத் தடை என்று இரண்டு பிள்ளைகளையும் கொன்றார். அவருக்காக இரக்கம் கேட்டு நான் எழுத வரவில்லை. அவரும் அந்த ஆணும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். தண்டனை சமம்தான். ஆனால் விசாரணை முடிவதற்குப் பல ஆண்டு முன்பே பெண்ணின் பெயரோடு ஓர் உணவின் பெயரை ஒட்டி ஊடகங்கள் அழைத்தன. அந்த ஆணுக்குப் பட்டப்பெயர் கிடைக்கவில்லை.

வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. தாராபுரம் பக்கம் ஓர் ஓடைக்கும் அணைக்கும் அவள் பெயர். இதையெல்லாம் சொல்லி, "புடிச்சிருக்கும். ஆனா 1989க்கு அப்புறம்னா கொஞ்சம் கேட்டுட்டுத் தண்டிச்சிருப்பாங்க" என்று அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். பின் பெஞ்சிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"தப்பிச்சு ஓடுன மூத்த பையன் என்னம்மா ஆனான்?"

அவனையும் இழுத்துவந்துதான் கிணற்றில் போடுகிறாள். பாட்டின் அந்த இடத்தை நான் எப்போதும் வேகமாக நடத்திவிட்டுப் போவேன். அன்று புத்தகத்தைத் திருப்பி, அந்தப் பகுதியை மறுபடி முழுதாக வாசித்தோம்.