மராமத்துப் படலம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மூன்றாவதாக, "பழைய வீட்டை மராமத்துப் பண்ணிப் பார்" என்று ஏன் சேர்க்காமல் விட்டார்கள்? வெகு நாள் யோசித்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர்களுக்கு அது ஒரு சோதனையாகவே படவில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வதுபோல், பொங்கலுக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடிப்பதும், ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையில் ஓடு மாற்றுவதும் வருஷா வருஷம் வந்து போகிற காரியங்கள். வருஷந்தோறும் வருவதற்குப் பழமொழி எதற்கு?

மராமத்து என்ற சொல் அரபு நாட்டில் பிறந்து, பாரசீகம், ஹிந்துஸ்தானி வழியாக நம் சர்க்கார் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் நன்றாக வேர் விட்டுவிட்டது. ஊரார் கூடி ஏரி, வாய்க்காலைச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்று பெயர். இப்போது பொதுப்பணித்துறை என்கிறோமே, அதற்குப் பழைய நாளில் மராமத்து இலாகா என்றுதான் பெயர். பாலமும் கட்டடமும் புதிதாகக் கட்டுகிற இலாகாவுக்கு, பழுது பார்க்கும் இலாகா என்று பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

என் வீடு இருப்பது சென்னை அசோக் நகரில். இந்தப் பேட்டைக்குப் புராதனப் பெருமை எதுவும் கிடையாது. மயிலாப்பூருக்குக் கபாலீசுவரர் இருக்கிறார். திருவல்லிக்கேணிக்குப் பார்த்தசாரதி இருக்கிறார். தியாகராய நகருக்குக்கூட, 1920-களில் மாம்பலத்து நெட்டேரியை வடித்துவிட்டு எழுந்த நகர் என்ற சரித்திரம் உண்டு. அசோக் நகரோ 1964இல் பிறந்த குழந்தை. நகர அபிவிருத்தி டிரஸ்டின் வாரிசாக 1961இல் வீட்டு வசதி வாரியம் வந்த பிறகு, நகரின் மேற்கு ஓரத்தில் நேர் கோடுகளாகத் தெருக்களை வகுத்து, அவற்றுக்கு எண்களைப் பெயராகச் சூட்டி, நாலு சிங்கம் தாங்கிய தூண் ஒன்றை முகப்பில் நிறுத்தினார்கள். சக்கரவர்த்தி அசோகருக்கும் இந்த இடத்துக்கும் உள்ள சம்பந்தம் அந்தத் தூணோடு சரி.

மனை வாங்கி வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர். 1970இல் அவர் இங்கே கட்டிய வீடு, ஒரு தாழ்வாரம், ஒரு கூடம், இரண்டு அறை, சிவப்புச் சிமெண்டுத் தரை, கொல்லையில் கிணறு, தலைக்கு மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். கிருகப்பிரவேசத்தன்று பாட்டியிடம் அவர் சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் வழங்குகிறது: "இனிமேல் ஓடு மாற்ற ஆள் தேட வேண்டாம். நூறு வருஷத்துக்கு இந்த வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

அவர் எதிலிருந்து தப்பித்து வந்தார் என்று தெரிந்தால்தான் இந்த வார்த்தையின் அருமை விளங்கும். மயிலாப்பூரில் அவர் குடியிருந்தது முன்பாதி மச்சும் பின்பாதி ஓடுமாக இருந்த ஒரு வாடகை வீடு. நாட்டு ஓட்டின் மேல் அணிலும் பூனையும் நடக்கும். காக்கை எலும்பைக் கொண்டுவந்து போடும். மாங்காய்க் கல் விழும். ஆவணி, புரட்டாசியில் ஆள் ஏறி, உடைந்ததை எடுத்துவிட்டு நல்லதைச் செருகி, வரிசையைச் சீராக்கி இறங்குவான். இறங்குகிற வழியில் நாலு ஓட்டை மிதித்து உடைத்துவிட்டு வருவான் என்பது பாட்டியின் தீராத குறை.

முன்பாதியில் இருந்த மச்சு வேறு ஜாதி. மெட்ராஸ் டெரஸ் என்று இந்நகரின் பெயரையே தாங்கிய தளம் அது. தேக்கு உத்திரங்களைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக வரிசை பிடித்துக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவார்கள். அப்புறந்தான் விசேஷம். பத்துப் பதினைந்து பெண்கள் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து, கையில் சின்ன மரக்கட்டையுடன், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பாட்டுப் பாடிக்கொண்டே நாள்கணக்கில் தட்டுவார்கள். ஜல்லி இறுகி, கட்டை பட்டால் பதியாமல் எகிற வேண்டும். அதுவரையில் தட்டல் ஓயாது. மேலே தட்டோடு பதித்து முடித்தால், வெயிலானாலும் மழையானாலும் கீழே இருப்பவனுக்குக் கவலை இல்லை.

கவலை இல்லை என்றால் வேலை இல்லை என்று அர்த்தமல்ல. உத்திரத்தின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் செல் அரிக்கும். தட்டோட்டு இடுக்கில் அரசமரக் கன்று முளைக்கும். ஆனால் பழுதுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பழுதுகள். ஒரு உத்திரம் கெட்டால் அந்த ஒரு உத்திரத்தை மாற்றலாம். சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. மயிரிழைபோல வெடிப்பு விட்டால், மழை நீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் படிந்து நாளடைவில் அடைத்துக்கொள்ளும். வைத்தியன் வருவதற்குள் தானே ஆறிக்கொள்ளும் புண் அது.

இத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு வந்தது சிமெண்டு. அதைப் போர்ட்லண்ட் சிமெண்டு என்ற பெயரில் 1824இல் இங்கிலாந்தில் பதிவு செய்தவர் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார். அதற்குள் இரும்புக் கம்பியை வைத்து 1867இல் பதிவு வாங்கியவர் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். அவருக்கு வேண்டியிருந்தது உடையாத பூந்தொட்டி. இந்த இரண்டு பேர் கைவண்ணத்தின் கீழேதான் இன்று உலகத்தில் முக்கால்வாசிப் பட்டணவாசிகள் தூங்குகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. இந்தியாவில் சிமெண்டு செய்யும் முயற்சி முதன்முதலில் 1904இல் நம் சென்னையில்தான் நடந்தது. கடற்சிப்பியைச் சுட்டுச் செய்து பார்த்தார்கள், தொழில் நிலைக்கவில்லை. பிறகு குஜராத்தில் போர்பந்தர் முந்திக்கொண்டது. தமிழ்நாட்டில் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து என்று ஆலைகள் வந்தன. 1953இல் ரயில் நிலையத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லித் தண்டவாளத்தில் படுத்தார்களே, அந்தக் கிளர்ச்சி நடந்த ஊர்தான் டால்மியாபுரம். அந்த ஊர் மூட்டைகள் சென்னையில் எத்தனை வீட்டுக் கூரையாயின என்று யார் கணக்கெடுத்தார்கள்!

மூட்டை வந்தது என்று சொல்லிவிட்டேன். அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. யுத்த காலத்திலிருந்தே சிமெண்டு கண்ட்ரோல் சரக்கு. விலையும் பங்கீடும் சர்க்கார் கையில். 1966இல் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்து, 1968இல் மறுபடி இறுக்கினார்கள். வீடு கட்டுகிறவன் மனுப் போட்டு, பர்மிட் வாங்கி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பர்மிட் கிடைக்காதவனுக்குக் கறுப்புச் சந்தை. இன்றைய இளைஞர்களிடம் சிமெண்டுக்குக் க்யூ நின்ற கதையைச் சொன்னால், நான் ஏதோ நாவலுக்காகக் கற்பிக்கிறேன் என்று எண்ணுகிறார்கள். கற்பனை இல்லை. சிமெண்டு ஒதுக்கீட்டுக்கும் தமது அறக்கட்டளைகளுக்கு வந்த நன்கொடைக்கும் தொடர்பு உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில், 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே பதவி விலக நேர்ந்தது. அடுத்த மாதமே மத்திய சர்க்கார் கட்டுப்பாட்டைப் பாதி விலக்கியது. மீதிப் பாதி 1989 மார்ச்சில் போயிற்று.

அசோக் நகரின் முதல் வீடுகள் எல்லாம் இந்தப் பர்மிட் காலத்துப் பிள்ளைகள் என்பதை மறக்கக் கூடாது. கையில் இருப்பதோ எண்ணி வைத்த மூட்டைகள். ஆகவே எங்கள் வீட்டுச் சுவர்களைச் சுண்ணாம்புக் காரையில் எழுப்பி, சிமெண்டைத் தளத்துக்கென்று மிச்சம் பிடித்தார்கள். தளத்திலும் கம்பிக்குக் கீழே அரை அங்குலம் இருந்தால் போதும் என்று கலவையைச் சிக்கனமாக இழுத்தார்கள். தாத்தாவின் பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு மூட்டைக்கும் தேதி போட்டு எழுதியிருக்கிறது. அரிசிக்குக்கூட அவர் அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு எழுதியதாகத் தெரியவில்லை.

ஐம்பது வருஷம் தளம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் கூடத்து மேல்பூச்சில் ஒரு சாண் அகலம் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாக ஊஞ்சலில் யாரும் இல்லை. கொத்தனார் வந்தார். கையிலிருந்த கம்பியால் தளத்தை இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு, டாக்டர் மார்பில் விரலை வைத்துத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டினார். 'டங்' என்று கேட்டால் சௌக்கியம். 'டொப்' என்றால் வியாதி.

"விழுந்தது பூச்சுதான் சார். ஆனா தள்ளினது கம்பி."

"கம்பி தள்ளுமா?"

"துரு ஏறினா பருத்துடும் சார். பருத்தா எங்கே போவும்? கீழேதான் தள்ளும்."

அவர் சொன்னது ரசாயனம். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு பங்குக்கு மேல் இடம் கேட்கும். புதுச் சிமெண்டின் காரம் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைப் போக்கிவிடும். பிறகு ஈரம் பட்டால் போதும். இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். சுண்ணாம்பைக் கல்லாக இறுக்குவதும் இதே கரியமில வாயுதான். பழைய மச்சுக்கு எந்தக் காற்று ஆயுளைக் கொடுத்ததோ, அதே காற்று புதுத் தளத்தில் கம்பியின் ஆயுளைக் குடிக்கிறது. வியாதி வெளியே தெரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும். உத்திரத்தைப்போல் ஒன்றை மட்டும் உருவி மாற்றவும் முடியாது.

தலைக்கு மேலே இப்படியென்றால் காலுக்குக் கீழே வேறு கதை. தாத்தா தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் வருவார். நான் ஒரு படி இறங்கி வருகிறேன். வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு வந்த வினை இது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், சங்கதி எவ்வளவு முற்றியது என்று ஊகித்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டையையும் அசோக் நகரையும் மூழ்கடித்தபோது, எங்கள் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். அந்த ஈரம் காரைச் சுவரில் ஏறி, உப்புப் பூத்து, இன்றைக்கும் இறங்க மறுக்கிறது. சிலர் ஹரியானாவிலிருந்து ஆட்களை வரவழைத்து, வீட்டுக்கடியில் நூற்றுக்கணக்கில் ஜாக்கிகளை வைத்து, லாரிக்குச் சக்கரம் மாற்றுகிறவன்போல் வீட்டையே மூன்றடி நாலடி தூக்குகிறார்கள். எங்கள் தளத்தின் நிலைமையில் அந்தச் சாகசத்துக்குக் கொத்தனார் சம்மதிக்கவில்லை.

எந்தப் பழைய கட்டடமும் இடிப்பதற்குத்தான் லாயக்கு என்று என்னிடம் சொல்கிறவர்களைச் சேப்பாக்கத்துக்குப் போய்வரச் சொல்லுகிறேன். ஆர்க்காட்டு நவாபுக்காக 1768இல் கட்டிய அரண்மனை அங்கே இருக்கிறது. அதன் வளாகத்தில்தான் நம் பழைய மராமத்து இலாகாவின் தலைமை அலுவலகமும் இருக்கிறது. 2012 ஜனவரியில் அரண்மனையின் கலச மகாலில் தீப்பிடித்து மேல்தளம் இடிந்து விழுந்தது. நெருப்பை அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையும் கொடுத்தார். மிச்சத்தை இடித்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடி மாளிகை எழுப்புவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பொதுப்பணித்துறை அப்படிச் செய்யவில்லை. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து, பழைய முறையிலேயே சாந்து கூட்டி, மகாலை எழுப்பினார்கள். பக்கத்திலிருந்த ஹுமாயூன் மகாலுக்கும் பிற்பாடு அதே வைத்தியம் நடந்தது. சர்க்காருக்கு அவகாசமும் கஜானாவும் உண்டு, நமக்கு ஏது என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

எங்கள் தெருவில் அந்தக் கேள்விக்குப் பதில் பில்டர் வடிவில் வருகிறார். 2019இல் புதுக் கட்டட விதிகள் வந்து, மனையின் பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்தது இரண்டு மடங்காயிற்று. மெட்ரோ ரயில் 2015லேயே வந்துவிட்டது. பழைய வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணுக்குத்தான் இப்போது மதிப்பு. "நீங்க ஒரு பைசா போட வேண்டாம் சார், பாதி ஃபிளாட் உங்களுக்கு" என்கிறார்கள். எதிர் வரிசையில் ஆறு வீடுகளில் நாலு போய்விட்டன. தம்பி மட்டும் அமெரிக்காவிலிருந்து பேசும்போதெல்லாம், "கணக்குப் போட்டுப் பாரு அண்ணா" என்கிறான். போட்டுப் பார்த்தேன். கணக்கு அவன் பக்கந்தான் நிற்கிறது. அம்மா கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "நான் இருக்கிறவரைக்கும் ஒழுகாமல் இருந்தால் போதும்டா" என்றாள். அவளுக்கு வயது எழுபத்தெட்டு. கணக்கில் அந்த ஒரு வரியை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தேன்.

துருப்பிடித்த இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, கரைந்துபோன இடத்தில் புதுக் கம்பி கட்டி, கூடம் ஒருவாறு முடிந்தது. மேலே மொட்டை மாடியில் வெடித்த தட்டோட்டைப் பெயர்த்தபோதுதான், தாத்தா காலத்துச் சுண்ணாம்பு ஜல்லி அடியில் அப்படியே கெட்டியாக இருந்தது தெரிந்தது. ஒரு மூலையில் மட்டும் பொரிந்திருந்தது. கொத்தனார் அங்கே சிமெண்டு கலவை போட்டுவிடலாம் என்றார். கலவைச் சட்டி தூக்க வந்திருந்த ஒரு கிழவி, குனிந்து ஒரு ஜல்லியைக் கையிலெடுத்துப் பார்த்தாள்.

"இது கட்டையிலே தட்டினது தம்பி. எங்கம்மா தட்டுவாங்க, நான் சின்னப் பொண்ணா தண்ணி தெளிச்சிருக்கேன். சுண்ணாம்பு வாங்கியா. நானும் இந்தப் பொண்ணுங்களும் தட்டிடறோம்."

கொத்தனார் சிரித்தார். ஆனால் மறுநாள் நீற்றின சுண்ணாம்பு எங்கே கிடைக்குமென்று அவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். கடுக்காய்க்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். "எத்தனை பேருக்கு வயிற்றுக்கோளாறு சார்?" என்று கடைக்காரர் கேட்டார், நான் கேட்டது மூன்று கிலோ.

மூன்று நாள் மாடியில் கட்டை சத்தம். பாட்டு அவளுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. மீதிப் பாதிக்கு அந்தப் பெண்கள் சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டார்கள். தட்டோடு நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்கிறது. பின்கட்டு அறையின் தளம் இன்னும் பாக்கி. ஐப்பசி பிறக்க மூன்று வாரம் இருக்கிறது.