ஒரு பெயர், இரு தரப்பு: நகைச்சுவையில் வழக்குத் தலைப்பு
1998இல் ராஜ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ரமணி வெர்சஸ் ரமணி’, வழக்குத் தலைப்பின் வடிவத்தையே பெயராகக் கொண்ட நகைச்சுவைத் தொடர். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கினார். பெயரில் வழக்கு உண்டு. களமோ வழக்கறிஞர் அலுவலகமன்று, இல்லம். வாதியும் பிரதிவாதியும் ஒரே பெயருடைய கணவனும் மனைவியும்.

இவ்வுத்தி தொலைக்காட்சிக்கு மிக முந்தியது. இராயபுரத்திற்குத் தெற்கே, உயர் நீதிமன்றத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், பின்னாளில் வழக்கறிஞராகவும் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கியவர். அவரது ‘சபாபதி’யில் எசமானனும் வேலைக்காரனும் ஒரே பெயரினர். ஆங்கே பெயரொற்றுமை ஏற்றத்தாழ்வையே உறுத்திக் காட்டுகிறது. மூத்த வழக்கறிஞருக்கும் குமாஸ்தாவுக்கும் அது எளிதில் பொருந்தியிருக்கும். ரமணி தொடரிலோ வழக்குத் தலைப்பு இருவரையும் சமதரப்பினராக நிறுத்துகிறது. சமையலறையில் அச்சமத்துவம் எவ்வளவு நிலைத்தது என்பது வேறு.