தவணைக்கு ஒரு நினைவேடு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நெடுங்காலம் முகம் பார்த்துத்தான் கடன் கொடுத்தார்கள். அடகுக்கடைச் சீட்டு, மளிகைக்கடை நோட்டு, கந்துவட்டி என எதிலும் வாங்கியவரின் நாணயம் ஊருக்குள் மட்டுமே தெரிந்தது. 1998இல் இவ்வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபின் நிலை மாறியது. வெளியூரிலிருந்து வந்த இளைஞர்களுக்கு வங்கிக் கணக்கும் சம்பளச் சீட்டும் கிடைத்தன. பின்னாலேயே பைக் கடனும் செல்போன் தவணையும் வந்தன.

இப்படிக் கடன் வாங்கியவரின் நாணயத்தை எழுதிவைக்கும் சிபில் நிறுவனம் 2000இல் உருவானது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலுக்கு முறையான அடித்தளம் தந்தது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியா செல்போன் ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். சம்பளம் நின்றாலும் தவணைத் தேதி நிற்பதில்லை. கட்டியதும் தவறியதும் பதிவாகும் கடன் அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டம் உண்டு: 000 என்றால் தாமதமில்லை, 090 என்றால் 90 நாள் பாக்கி. பாக்கியைப் பேசிக் குறைத்து முடித்த கணக்கில் ‘செட்டில்டு’ என்று விழும். முழுதும் கட்டினால்தான் ‘குளோஸ்டு’. கடன் தீர்ந்ததென்று நிம்மதியாக இருந்தவரை வீட்டுக்கடன் கேட்கும்போது மடக்குவது ‘செட்டில்டு’ என்ற அந்த ஒரு சொல்தான்.

2017 முதல் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமும் தனித்தனியே பெறலாம். பிழையைத் திருத்தக் கேட்டு 30 நாளில் தீராவிட்டால், 2024 ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் உண்மையான தாமதத்தை, அதை நீக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் எந்தத் தரகராலும் அழிக்க முடியாது. பாக்கியைக் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றை (என்.ஓ.சி.) வாங்கி, அடுத்த தவணைகளைத் தவறாமல் செலுத்துவதே வழி. தரகரிடம் பணம் கொடுக்குமுன் தொழிலாளர்கள் தம் அறிக்கையைத் தாமே எடுத்துப் படிக்க வேண்டும்.