சிசிலித் தீவுலா

மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவாகிய சிசிலியில், உள்ளூர் விவரம் அறிந்த வழிகாட்டி ஒருவரின் துணையுடன் ஒரு வாரமோ இரு வாரமோ அவசரமின்றித் தங்கி, அதன் புராதனச் சின்னங்களையும் ஜனங்களின் வாழ்க்கையையும் கண்டு, அவர்கள் சமைப்பதை அவர்களோடு அமர்ந்து உண்டு வரும் விடுமுறைப் பிரயாணம் இங்கே தீவுலா எனப்படுகிறது. சிறு குழுக்களாக வருவோர் பலெர்மோ, அக்ரிஜெந்தோ, சிராக்கூசா, தாவோர்மினா முதலிய ஊர்களில் சில இரவுகள் வீதம் தங்கி, முற்பகலில் கோயில்களையும் சந்தைகளையும் சுற்றிவிட்டு, வெயில் ஏறியதும் நடுப்பகல் போஜனத்துக்கு வேண்டிய நேரத்தை மனமுவந்து கொடுத்துவிடுவது இதன் வழக்கம். இதனை அண்மைக் காலத்து வியாபாரிகள் கண்டுபிடித்த புதுமை என்று கருதுவோர் உளர். ஆனால், தீவைச் சுற்றிக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களும், நல்ல உணவைத் தேடியே துறைமுகம் துறைமுகமாகச் சென்றவர்களும் 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இருந்தனர். இவ்விருவரும் நெடுங்காலம் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனி வழியே சென்று, சென்ற ஐம்பது ஆண்டுகளுக்குள்தான் ஒன்று சேர்ந்தனர் என்பதே இத்தீவுலாவின் சரித்திரம்.

உணவைத் தேடிச் சென்றவர்களில் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலா நகரத்து ஆர்க்கெஸ்ட்ராட்டஸ் என்னும் கவிஞர். எந்தக் கரையில் எந்த மீன் எப்பருவத்தில் சுவை மிகுந்திருக்கும், அதை எவ்வாறு சமைக்க வேண்டும் என்பதைச் செய்யுளாகப் பாடிய அவருடைய நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தவரான அத்தினேயஸ் எடுத்துக்காட்டிய பகுதிகள் மட்டுமே எஞ்சியுள்ளன. நல்ல மீனுக்கு உப்பும் எண்ணெயும் போதும் என்பது அவர் கொள்கை. சிராக்கூசாச் சமையற்காரர்கள் பாலாடைக்கட்டியை மேலே கொட்டி மீனைக் கெடுக்கிறார்கள் என்று அவர் கடிந்துகொள்கிறார். அவருக்குச் சிறிது முன்னர் அதே சிராக்கூசாவுக்கு வந்த தத்துவஞானி பிளேட்டோவின் பெயரால் வழங்கும் கடிதம் ஒன்றோ, நாள்தோறும் இருமுறை வயிறு நிறைய உண்ணும் அவ்வூர் வாழ்க்கை தமக்குச் சற்றும் பிடிக்கவில்லை என்கிறது. ஒரே நகரத்து உணவைக் கவிஞர் செய்முறைக்காகவும், ஞானி அளவுக்காகவும் குறை கூறியிருப்பதிலிருந்து அந்த நாளிலேயே அதன் கீர்த்தி எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பது விளங்கும்.

வழிகாட்டிகளைப் பற்றிய பழைய சான்று சிசரோவினுடையது. கி.மு. 75இல் மேற்குச் சிசிலியில் நிதி அதிகாரியாக இருந்தபோது, ஆர்க்கிமிடிஸின் சமாதியை முட்புதர்களுக்கு நடுவே தேடிக் கண்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்த சிராக்கூசா மக்களுக்கே அதைக் காட்டியவர் அவர். பின்னர், மூன்றாண்டுகள் தீவை ஆண்டு அதைச் சூறையாடிச் சென்ற வெர்ரெஸ் என்பவன்மீது கி.மு. 70இல் வழக்குத் தொடுத்தபோது, அவர் சிராக்கூசாவின் வழிகாட்டிகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போல நினைவுகூர்கிறார்: வந்தவர்களுக்கு இன்னின்ன இடத்தில் இன்னின்ன பொருள் இருக்கிறது என்று காட்டி வந்த அவர்கள், இப்போது எந்த இடத்திலிருந்து எந்தப் பொருள் கொண்டுபோகப்பட்டது என்பதைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார். வழிகாட்டியின் தொழிலைப் பற்றி இதைவிடக் கனமான வாக்கியம் எழுதப்பட்டதாக நான் அறியேன். பொன்னும் தந்தமும் இழைத்த கதவுகளை வெர்ரெஸ் பெயர்த்துச் சென்ற அத்தீனா கோயிலின் தூண்கள் இன்றும் சிராக்கூசாத் தலைமைத் தேவாலயத்தின் சுவர்களுக்குள் நிற்கின்றன. அத்தூண்களைத் தொட்டுக் காட்டியபடியே இன்றைய வழிகாட்டிகள் சிசரோவின் வழக்கை எடுத்துரைக்கிறார்கள்.

ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் சூரியோதயம் காண்பதற்காக எட்னா எரிமலைமீது ஏறினார் என்ற செய்தியோடு பண்டைக் காலத்துக் கதை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 827இல் மாசாராக் கரையில் இறங்கிய அராபியப் படை தீவைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றிய பிறகு, அங்குள்ள வயலும் தோட்டமும் அடுக்களையும் அடியோடு மாறின. எலுமிச்சை, புளிப்பு நாரத்தை, நெல், இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக மேற்கே சென்ற கரும்பும் கத்தரிக்காயும், இவற்றுக்கெல்லாம் நீர் பாய்ச்சும் வாய்க்கால் வித்தையும் அக்காலத்தில் வேரூன்றியவை. 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர் ஆட்சியைப் பறித்தனரேயன்றி அந்தத் தோட்டங்களை அழிக்கவில்லை. மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த அல் இத்ரீசி 1154இல் முடித்த பூகோள நூலில், பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள திராபியாவில் கோதுமை மாவிலிருந்து உலர்ந்த இழைகள் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தனர் என்று எழுதியிருப்பது, பாஸ்தாவின் வரலாற்றை ஆராய்வோர் முதலில் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் ஒன்று.

அந்தக் காலத்துச் சிசிலியைக் கண்ணாரக் கண்டு எழுதியவர் ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் யாத்திரிகர் இப்னு ஜுபைர். ஹஜ் முடித்துத் திரும்பும் வழியில் 1184 டிசம்பரில் மெஸ்ஸினாவுக்கருகே அவர் ஏறிவந்த கப்பல் உடைந்தது. கரைசேர்க்கும் படகுக்காரருக்குக் கூலி கொடுக்க இயலாத ஏழை முஸ்லிம்களுக்காக, அங்கு வந்திருந்த கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியமே பணம் கொடுத்தார் என்பதை அவர் வியப்போடு பதிவு செய்கிறார். பலெர்மோவில் கிறிஸ்துமஸ் நாளன்று தேவாலயத்துக்குப் போகும் பெண்கள் முஸ்லிம் மாதரைப் போலவே உடுத்தி, முகத்திரை அணிந்து, மருதாணி இட்டுச் சென்றதையும் அவர் பார்த்தார். அவர் அன்று புகழ்ந்த தேவாலயம் இன்று மார்த்தொரானா எனப்படுவது. அதை அடுத்திருந்த கன்னிமாடத்துத் துறவியர் வாதுமை விழுதும் சர்க்கரையும் பிசைந்து அத்திப்பழமாகவும் ஆரஞ்சாகவும் உருவம் சமைத்து வண்ணம் தீட்டிய பண்டம் அவ்விடத்தின் பெயராலேயே இன்றும் தீவு முழுவதும் விற்கிறது. கரும்பைக் கொணர்ந்தோர் ஒருவர், கோயிலைக் கட்டியோர் ஒருவர், பண்டத்தைச் செய்தோர் ஒருவர் என மூன்று காலங்கள் ஒரே முற்றத்தில் கூடியிருக்கும் இத்தகைய இடங்களில் ஒரு முற்பகல் முழுவதையும் கழிப்பதே நியாயம்.

பிறகு சில நூற்றாண்டுகள் சிசிலி ஸ்பெயினின் ஆதிக்கத்தில் இருந்தது. அந்நாளில் கலைப் பிரயாணம் செய்த ஐரோப்பியச் செல்வர்கள் பெரும்பாலும் நேப்பிள்ஸோடு திரும்பிவிட்டனர். சாலைகள் இல்லை, கள்வர் பயம் மிகுதி, சத்திரங்கள் அரிது. 1767இல் கிரேக்கச் சிற்ப ஆராய்ச்சியாளர் வின்கல்மானின் நண்பரான ரீடேசலும், 1770இல் ஸ்காட்லாந்தினரான பிரைடனும் துணிந்து சென்று எழுதிய நூல்களே அந்தத் தடையை உடைத்தன. பிரைடனுக்கு வழித்துணையாக வந்த ஆயுதம் தரித்த காவலர்கள் முன்னாளில் கொள்ளைக்காரர்கள். அவர் நூலில் மறக்க முடியாத பகுதி, கிர்ஜெந்தி என அந்நாளில் வழங்கிய அக்ரிஜெந்தோவின் ஆயர் அளித்த விருந்து. பனிக்கட்டியால் பீச், அத்தி முதலிய கனிகளின் வடிவில் செய்த பண்டங்கள் அங்கே பரிமாறப்பட்டன; அத்தகைய பண்டமொன்றை வேறொரு வீட்டு விருந்தில் மெய்யான பழமென்று நம்பிக் கடித்த கப்பல் தளபதி ஒருவர் குளிர் தாங்காமல் திகைத்துப்போனதையும் அவர் அவ்விடத்தில் சொல்கிறார். எட்னாவின் உச்சியில் குளிர்காலத்தில் பெய்யும் பனியைக் குகைகளில் அடைத்து வைத்துக் கோடையில் விற்பது அந்நாளில் பெரிய வாணிகம்; கத்தானியா ஆயருக்கு அதிலிருந்து நல்ல வருமானமும் வந்தது. காலையில் மெத்தென்ற பன்னோடு வாதுமை அல்லது எலுமிச்சைக் கிரானித்தா என்னும் பனிப்பண்டத்தைத் தொட்டு உண்ணும் இக்காலத்து வழக்கம் அந்தப் பனி வாணிகத்தின் சந்ததி.

1787 ஏப்ரலில் ஓவியர் க்னீப்புடன் வந்த ஜெர்மன் மகாகவி கதே, பலெர்மோத் தோட்டமொன்றில் உலாவியபடி எல்லாச் செடிகளுக்கும் மூலமான ஆதித் தாவரத்தைப் பற்றிச் சிந்தித்தார். கிர்ஜெந்தியில் சத்திரம் இல்லாததால் ஒரு குடும்பத்தினர் வீட்டிலேயே இடமளித்தனர். அவ்வீட்டுப் பெண்கள் விரலால் மாவை உருட்டி மாக்கரோனி செய்வதை அவர் அருகிருந்து கவனித்து எழுதினார். பகலில் உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் அழைத்துச் சென்று கோயில்களைக் காட்டினார். காட்டுவோரும் சமைப்போரும் அவ்வளவு அருகில் வந்தும், அவருக்குப்பின் வந்தவர்கள் பாதிரியாரைப் பின்பற்றினார்களே தவிர, மாவு உருட்டிய பெண்களை நாடவில்லை. அக்காலத்து யாத்திரிகரின் கண்ணில் கிரேக்கத் தூண் ஒன்றே உயர்ந்தது. கதேகூட பலெர்மோவின் நார்மானியப் பொன் சித்திரங்களைப் பற்றி ஏறக்குறைய மௌனமாகவே போய்விட்டார். 1693ஆம் ஆண்டு பூகம்பத்தில் அழிந்து, தேன் நிறக் கற்களால் புத்துயிர் பெற்ற நோத்தோ, மோதிக்கா முதலிய பரோக் நகரங்களின் மதிப்பை வெளியுலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று. அவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது 2002இல்தான். உள்ளூரார் தாமே தம் தீவைக் காட்ட முற்பட்டதற்குச் சிறந்த உதாரணம், கத்தானியாவின் பிஸ்காரி பிரபு. தாம் தோண்டி எடுத்த பொருள்களுக்குக் காட்சிசாலை அமைத்ததோடு, 1781இல் சிசிலியின் பழம்பொருள்களுக்கு ஒரு வழிநூலையும் அவர் வெளியிட்டார்.

1860இல் கரிபால்டி மார்சாலாவில் இறங்கி, தீவு இத்தாலியோடு இணைந்தபின், 1863இல் பலெர்மோவிலிருந்து பகேரியாவரை முதல் ரயில் ஓடியது. குளிர்காலத்தைக் கழிக்க வரும் வடநாட்டுச் செல்வர்களுக்காகத் தாவோர்மினாவில் ஹோட்டல்கள் எழுந்தன. வாக்னர் தம் பார்சிபால் இசைநாடகத்தை 1882 ஜனவரியில் பலெர்மோ ஹோட்டலொன்றில் எழுதி முடித்தார். கப்பல், மது, டூனா மீன் ஆகிய தொழில்களால் செல்வம் குவித்த புளோரியோ குடும்பம் எர்னெஸ்தோ பாசிலே என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வில்லா இஜியாவை மாளிகை ஹோட்டலாக மாற்றியது. இந்த விடுதிகளில் பரிமாறியதோ பிரெஞ்சு உணவு. 1908 டிசம்பர் 28ஆம் தேதி பூகம்பம் மெஸ்ஸினாவைத் தரைமட்டமாக்கிப் பல்லாயிரவரைப் பலி கொண்டது. இரண்டாம் உலகப் போரில் 1943 ஜூலையில் நேசப்படைகள் தீவில் இறங்கின. போருக்குப்பின் வந்தது பேருந்துச் சுற்றுலா. அக்ரிஜெந்தோவில் ஒரு மணி நேரம், மொன்ரியாலேயில் அரை மணி நேரம் என்று ஓடிய அந்த முறை, தீவைப் பலருக்குக் காட்டியது என்பது மெய். ஆனால் பார்த்த எவரும் அங்குள்ள ஒருவரோடேனும் பேசியிருப்பாரா என்பது ஐயமே.

மாற்றம் நாட்டுப்புறத்திலிருந்து வந்தது. பண்ணைவீடுகளில் விருந்தினரைத் தங்கவைத்து, விளைந்ததையே சமைத்துப் போடுவதை 1985இல் இத்தாலியச் சட்டம் அங்கீகரித்தது. 1989இல் ஆன்னா தாஸ்கா லான்சா என்ற பிரபுகுலப் பெண்மணி ரெகலியாலி என்னும் தம் குடும்பத் திராட்சைத் தோட்டத்தில் சமையற் பள்ளி தொடங்கினார். பிரபுக்களின் மாளிகைகளில் பிரெஞ்சு முறையில் பயின்ற ஆண் சமையற்காரர்களும், குடியானவர் வீடுகளில் பெண்களும் காத்து வந்த இருவகைப் பாகமும் அங்கே ஒருங்கே கற்பிக்கப்பட்டன. 1866ஆம் ஆண்டுச் சட்டத்தால் துறவியர் மடங்களின் சொத்துகள் பறிமுதலாகி, கன்னிமாடங்களுக்குள் மறைவாய் இருந்த பலகாரச் செய்முறைகள் மெல்ல மெல்லக் கடைத்தெருவுக்கு வந்திருந்தன. அவையும் இப்போது வழிகாட்டிகளின் பாதையில் இடம் பெற்றன. சமையலறிந்தவர் தாமே வழிகாட்டியானது இக்காலத்துக்கு உரிய விசேஷம்.

அவர்கள் அழைத்துச் செல்லும் இடங்களுள் பலெர்மோவின் பல்லாரோ சந்தை தலையாயது. கொண்டைக்கடலை மாவைக் கூழாகக் கிண்டி, ஆறவிட்டு, வில்லைகளாக வெட்டிப் பொரித்த பனெல்லே, எள் தூவிய ரொட்டிக்குள் சூடாக வைத்துத் தரப்படும். கன்றின் மண்ணீரலைக் கொழுப்பில் வதக்கி அடைத்த ரொட்டியும் பக்கத்திலேயே கிடைக்கும். மேற்கே திராப்பனியில் ரவையை மண் தட்டில் நீர் தெளித்துக் கையால் உருட்டி, ஆவியில் வேகவைத்து, மீன் ரசத்தை ஊற்றி ஊறவிடும் குஸ்குஸ் எதிர்க்கரையான துனிசியாவின் உறவைக் காட்டுகிறது. கத்தானியாவிலோ, பொரித்த கத்தரிக்காய்மேல் உப்பிட்ட ரிக்கோத்தாவைத் துருவிப் போடும் பாஸ்தாவுக்கு அவ்வூர் இசைமேதை பெல்லினியின் நார்மா இசைநாடகத்தின் பெயரை இட்டிருக்கிறார்கள். டிசம்பர் 13, புனித லூசியாளின் திருநாளன்று ரொட்டியும் பாஸ்தாவும் தொடாமல், அவித்த முழுக் கோதுமையையே உண்பார்கள். பஞ்சகாலத்தில் தானியக் கப்பல் வந்தபோது அரைக்கவும் பொறுக்காமல் அவித்து உண்டதன் நினைவு அது என்று கர்ணபரம்பரையாகச் சொல்வர்.

தீவின் துயரங்களையும் மறைக்காமல் காட்டுவது இப்போது நல்ல வழிகாட்டியின் கடமையாகிவிட்டது. நீதிபதிகள் பல்கோனேயும் போர்செல்லினோவும் 1992இல் மாபியாக் கும்பலால் கொல்லப்பட்டனர். 2004இல் பலெர்மோ இளைஞர்கள் தொடங்கிய அத்தியோபித்சோ இயக்கம், மாபியாவுக்குக் கப்பம் கட்ட மறுக்கும் கடைகளையும் விடுதிகளையும் ஒன்று திரட்டியது. அவற்றில் மட்டுமே தங்கி உண்ணும் வண்ணம் அமைந்த உலாக்களும் நடைபெறுகின்றன. அண்மையில் பெருங்குறையாகியிருப்பது தண்ணீர். 2024ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் அக்ரிஜெந்தோவின் சிறு விடுதிகள் சில, நீர் இல்லாமையால் விருந்தினரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதே ஊரில், கி.மு. 480இல் ஹிமெராப் போரில் பிடிபட்ட கார்த்தேஜ் கைதிகளைக் கொண்டு வெட்டியதாகச் சொல்லப்படும் நீர்த்தேக்கம் தூர்ந்துபோய், கொலிம்பெத்ரா என்னும் பழத்தோட்டமாக மாறியிருக்கிறது. பாழ்பட்டுக் கிடந்த அத்தோட்டத்தை 1999இல் இத்தாலியப் பாரம்பரிய அறக்கட்டளை ஏற்றுச் சீர்திருத்தியது. கோயில்களைக் கண்டபின் யாத்திரிகர்களை அங்கே இறக்கி, பாறையைக் குடைந்த கிரேக்கர் சுரங்கக் கால்வாய்களில் இன்றும் கசிந்து வரும் நீர், அராபியர் கற்பித்த முறையில் மரத்துக்கு மரம் வெட்டிய பாத்திகளின் வழியாக ஆரஞ்சு வேர்களைச் சென்றடைவதை வழிகாட்டிகள் காட்டுகிறார்கள்.