பரங்கிக்காயும் ஒரு சுதந்திரமும்

பரங்கிக்காய் என்றால் நமக்கெல்லாம் சற்று இளப்பந்தான். விசேஷ நாளில் கூட்டாகவோ புளிக்குழம்பில் தானாகவோ அது இலைக்கு வந்தால் சாப்பிடுகிறோம். வராவிட்டால் யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்த காய் அது. பெயரே அதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறது. அதே காய், கரீபியன் கடலில் உள்ள ஹைத்தி நாட்டில் கொடிக்கும் கீதத்துக்கும் சமமாக வைத்துப் போற்றப்படுகிறது என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கிற விஷயமல்ல அது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஹைத்திக்கு ஸான் தொமேங் என்று பெயர். கரும்பும் காப்பியும் விளைந்த அந்த மண்ணைப் போலப் பணம் கொழித்த காலனி பிரான்ஸுக்கு வேறு இல்லை. 1789-ஐ ஒட்டி அங்கே அடிமைகள் சுமார் ஐந்து லட்சம் பேர். வெள்ளையர் முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேருக்குள். கரும்பு ஆலையில் பிறப்பைவிடச் சாவு அதிகம். செத்தவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

எஜமானர் வீட்டு மேஜைக்கு மஞ்சளாக, மணமாக ஒரு பரங்கிக்காய் ஸூப் போகும். சமைத்தவள் அடிமை. அவள் அதைக் குடிக்கக்கூடாது. இது ஹைத்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை. பிறர் பசிக்குச் சமைத்துவிட்டுத் தன் பசியோடு திரும்பியவளின் மனத்தை அறிய நமக்கு அயல்நாட்டுச் சரித்திரம் வேண்டுமா என்ன?

1791 ஆகஸ்டில் கரும்புத் தோட்டங்கள் தீப்பற்றி எரிந்தன. பன்னிரண்டு வருஷம் போர். தலைவர் தூஸேன் லூவெர்த்தூரைப் பேச்சுவார்த்தைக்கென்று அழைத்துப் பிடித்து, பிரான்ஸின் மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அங்கேயே குளிரில் உயிர் போயிற்று. நெப்போலியன் தன் மைத்துனன் லெக்லேரை அனுப்பிய பெரும் படையைப் பாதி அடிமைகள் முறித்தார்கள், பாதி மஞ்சள் காய்ச்சல் முறித்தது. லெக்லேரும் அந்தக் காய்ச்சலுக்கே பலி. 1804 ஜனவரி முதல் தேதி, கொனாயிவ் நகரில் தெஸ்ஸலின் சுதந்திரப் பிரகடனம் செய்தார். அன்று மறுக்கப்பட்ட ஸூப்பை ஊரார் எல்லோரும் குடித்தார்கள் என்றும், அதை வார்த்துக் கொடுத்தவர் தெஸ்ஸலினின் மனைவி மாரி-கிளேர் என்றும் ஐதிகம்.

வெற்றி பெற்றவன் எஜமானனின் அரண்மனையைக் கேட்பான், குதிரையைக் கேட்பான். இவர்கள் கேட்டது ஒரு கிண்ணம் ஸூப்! எனக்கு இதில் அரண்மனையைவிடப் பெரிய நியாயம் தெரிகிறது.

இன்றும் டிசம்பர் 31 இரவே வேலை தொடங்கிவிடும். மாட்டிறைச்சியை எலுமிச்சைச் சாற்றில் அலசி, பூண்டு, வெங்காயத்தாள், பச்சிலைகள் சேர்த்து அரைத்த விழுதில் ஊறவைப்பார்கள். (நம் சைவ வாசகிகள் இந்த வரியை மன்னிக்க வேண்டும்.) பரங்கிக்காயைத் தனியே வேகவைத்து மசித்து, இறைச்சி வெந்த நீரில் கரைப்பார்கள். பிறகு கோஸ், காரட், உருளைக்கிழங்கு, டர்னிப், கடைசியில் ஒரு பிடி மக்கரோனி. காரமான மிளகாய் ஒன்றை உடையாமல் முழுசாக மிதக்கவிட வேண்டும். உடைந்தால் ஸூப்பைக் குடிக்க முடியாது. நீர்த்துப்போகாமல் கரண்டியில் ஒட்டுகிற பதம் வந்ததும் வெண்ணெயும் எலுமிச்சையும்.

சுதந்திரத்தின் விலை அதோடு முடியவில்லை. 1825-ல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் வந்து நின்றன; ‘எங்கள் அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்தோம், 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடு’ என்றார்கள். பின்னர் அது 9 கோடியாகக் குறைந்தது. அதற்காக வாங்கிய கடன்களின் பாக்கி தீர்ந்தது 1947-ல்தான். அடிமைப்பட்டவனே தன் உடம்புக்கு எஜமானனிடம் கிரயம் செலுத்திய விசித்திரத்தை வேறு எங்கே கண்டோம்?

2021 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த ஸூப்பை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாகப் பதிவு செய்தது. ஹைத்திக்கு அந்தப் பட்டியலில் இதுவே முதல் இடம். புது வருஷக் காலையில் அங்கே பெண்கள் பட்டியலைப் பற்றியா பேசிக்கொண்டிருப்பார்கள்? பாத்திரத்தை மூடி, சூடு ஆறுவதற்குள் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அங்கிருந்தும் ஒரு கிண்ணம் வருகிறது.