பதினோரு மாதப் பத்திரம் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் மட்டும் ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. கடன் வாங்கி மாடி எடுத்துக் கட்டி, ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சிலர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரில் அப்பா அம்மா வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எனக்கு வரும் போனில் பாதி வாடகைப் பஞ்சாயத்துதான். "டீச்சர், பதினோரு மாசம் முடிஞ்சிருச்சு, காலி பண்ண மாட்டேங்குறாங்க." "டீச்சர், வாடகையை வாங்காம இருந்துட்டா கேஸ் நமக்கு சாதகமாகுமாமே?" "பன்னிரண்டு வருசம் ஆயிருச்சுன்னா வீடு அவங்களுக்கே போயிருமாமே?"

நான் வக்கீல் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தியவள். வழக்கு என்று வந்தால் வக்கீலிடம்தான் போக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நம் வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் காரியங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் போய் ரொம்ப நாளாகிறது, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பதினோரு மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் பத்தில்லை, பன்னிரண்டில்லை? வெள்ளைக்காரன் 1882-ல் கொண்டுவந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்த பத்திரத்தால்தான் செய்ய முடியும் என்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் அதையே சொல்கிறது. பதிவென்றால் சார்பதிவாளர் அலுவலகம் போகவேண்டும், கட்டணம் கட்டவேண்டும், ஒரு நாள் வேலை கெடும். நம் ஆட்கள் ஒரு மாதத்தைக் கழித்துப் பதினோரு மாதம் என்று எழுதிக்கொண்டார்கள். செலவை மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த உபாயம், அவ்வளவுதான். பதினோரு மாதம் முடிந்தால் குடியிருப்பவர் தானாக வெளியேற வேண்டும் என்ற மந்திர சக்தி அதற்கு என்றைக்கும் இருந்ததில்லை. பத்திரம் முடிந்தபிறகும் நீங்கள் வாடகை வாங்கிக்கொண்டே இருந்தால் அவர் மாதவாடகைக்காரராகத் தொடர்கிறார்.

பன்னிரண்டு வருடப் பயமும் இப்படித்தான். அடுத்தவர் இடத்தை உரிமைக்காரருக்கு எதிராகத் தன் சொத்து போலப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்தால் பாத்தியம் கோரலாம் என்பது காலவரையறைச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியோடு இருப்பவர். அந்தக் குடியிருப்பு தொடரும்வரை அவர் 'இவர் இந்த வீட்டுக்கு உரிமையாளரே இல்லை' என்று வாதாட முடியாது என்று 2024 வரை நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமே 116-ஆவது பிரிவில் சொல்லிவிட்டது. இருபது வருடம் இருந்தாலும் வாடகைக்காரர் வாடகைக்காரர்தான். ஆனால் அவர் வாடகைக்காரர் என்று காட்ட உங்கள் கையில் ஒரு காகிதம் வேண்டும். இந்தப் பயத்தில் வருடத்துக்கு ஒருதரம் நல்ல குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லி, மூன்று மாதம் வீட்டைப் பூட்டிவைத்து நஷ்டப்படுகிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் காகிதம் ஒன்றும் கிடையாது.

சரி, வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு பயம் எப்படி வந்தது? அதற்கு இரண்டு உலகப் போர்களைத் தொடவேண்டும்.

1915-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் போர்முனையில் இருக்க, மேரி பார்பர் என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். காலி செய்ய வரும் அமீனாவைத் தெருப் பெண்கள் கூடி விரட்டினார்களாம். அந்த வருடக் கடைசியிலேயே பிரிட்டிஷ் அரசு, போர் தொடங்கியபோது இருந்த வாடகைக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சட்டம் போட்டது. அதே வழியில் 1918-ல் பம்பாயிலும் 1920-ல் கல்கத்தாவிலும் வாடகைச் சட்டங்கள் வந்தன.

நம் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. முதலில் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஆணைகள், பிறகு 1946-ல் ஒரு சட்டம், 1949-ல் இன்னொன்று. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று 1942-ல் மதராஸைக் காலி செய்து ஓடினார்கள் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓடியவர்கள் திரும்பினார்கள், அவர்களோடு புதியவர்களும் வந்தார்கள். 1941 கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த நகரம் 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டியது. இடையில் நகர எல்லை விரிந்ததும் ஒரு காரணம். எப்படியானாலும் இருக்கிற வீட்டுக்கு ஆள் அதிகம். ஆக, இந்தச் சட்டங்கள் வீட்டுக்காரர்மேல் யாருக்கோ இருந்த கோபத்தால் வந்தவை அல்ல. ரேஷன் அரிசி போல, இருப்பதைப் பங்கிட வந்தவை. போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1960-ல் வந்த கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் 2019 பிப்ரவரி வரை நடைமுறையில் இருந்தது. உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டியின் அனுபவமெல்லாம் அந்தச் சட்டத்தின் அனுபவம்.

அந்தச் சட்டம் மதராஸ், மதுரை, மற்ற நகராட்சிகளில் செல்லுபடியானது. வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அரசு ஊழியருக்கு வேண்டுமென்றால் அரசே எடுத்துக்கொள்ளலாம். நியாய வாடகை கேட்டுப் போனால், நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்பது பிற்காலக் கணக்கு. காலி செய்யச் சொல்ல, சட்டத்தில் எழுதிய காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, உள்வாடகைக்கு விட்டது, நமக்கே வீடு தேவைப்படுவது, இப்படி.

இதில் 'வேண்டுமென்றே' என்ற சொல்லில்தான் வீட்டுக்காரர்கள் வழுக்கி விழுந்தார்கள். வாடகையை வாங்க மறுத்துவிட்டு, பிறகு பாக்கி என்று வழக்குப் போடுவது ஒரு பழைய தந்திரம். சட்டம் எழுதியவர்கள் அதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். 8-ஆவது பிரிவைப் பாருங்கள். வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்தால், பத்து நாளில் ஒரு வங்கியைச் சொல்லும்படி குடியிருப்பவர் நோட்டீஸ் அனுப்பலாம். சொல்லவில்லையென்றால், கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர் அனுப்ப வேண்டும். அதையும் திருப்பினால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டிவிடலாம். மணியார்டர் கமிஷன்கூட வீட்டுக்காரர் தலையில்!

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மாதாமாதம் தபால்காரரைத் திருப்பி அனுப்புவார். வேடிக்கை பார்க்க நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். திருப்பிய ஒவ்வொரு மணியார்டரும் குடியிருந்தவருக்குச் சேர்ந்த சாட்சி என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. இப்போது ஜிபேயில் வந்த வாடகையைத் திருப்பி அனுப்புகிறார்கள். கருவிதான் மாறியிருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகு வாடகையை எப்படி வாங்குவது என்பது வக்கீலைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம். அதற்கு முன்னால் வாடகையை வாங்குங்கள், ரசீது கொடுங்கள்.

அடுத்தது அட்வான்ஸ். பழைய சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் வளர்ந்தது அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில்தான். வழக்குப் போட்டால் வருடக்கணக்காகும் என்ற பயத்தில், முன்பணத்தையே பிணையாகப் பிடித்துவைத்தார்கள் என்பது என் கணிப்பு. பாதுகாப்புக்கென்று வாங்கியது நாளடைவில் வீடு கட்டிய கடனை அடைக்கும் பணமாகிவிட்டது. ஆள் காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்கக் கையில் இருக்காது. பெயிண்ட், குழாய், ஆணி அடித்த ஓட்டை என்று கழிக்க ஆரம்பிப்பது அங்கேதான். சண்டையும் அங்கேதான்.

தண்ணீர், கரண்டை நிறுத்திக் காலி செய்யவைக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1960 சட்டத்திலும் தவறு, இப்போதைய சட்டத்திலும் தவறு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மோட்டாரை அணைத்துவிட்டு என்னிடம் நியாயம் கேட்காதீர்கள்.

இப்போதைய சட்டம் என்றேன். 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பது தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் சட்டம். பழைய பயங்களில் பாதியை இது எடுத்துவிட்டது. நியாய வாடகை விவகாரம் இல்லை, இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்வதுதான் வாடகை. ஆனால் வாய்வார்த்தைக்கு இடமில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி அவர். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு என்ற கணக்கு இங்கே செல்லாது. முன்பணத்துக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. சாவி நம்மிடம் இன்னொன்று இருக்கிறதே என்று உள்ளே போகக்கூடாது, 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்கவேண்டும். மறுபக்கம், இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போகும் வழி உங்களுக்கு இருக்கிறது. இவ்வளவு சாதகமான சட்டம் வந்தபிறகும், ஜெராக்ஸ் கடையில் பெயரை மட்டும் மாற்றி வாங்கிய பழைய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒத்தி. சென்னைப் பிள்ளைகள் லீஸ் என்பீர்கள், சில ஊர்களில் போக்கியம். எங்கள் மதுரைப் பக்கம் வாடகையைவிட இதன்மேல்தான் மோகம். மொத்தமாக ஐந்தோ ஆறோ லட்சம் வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் மூன்று வருடம் குடிவைத்து, முடிவில் பணத்தைத் திருப்பித் தருவது. பார்க்க வாடகை மாதிரி இருந்தாலும் உண்மையில் அது அனுபவ அடமானம். வீட்டை அடகு வைத்திருக்கிறீர்கள். அதே 1882 சட்டத்தின் 59-ஆவது பிரிவுப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்த பத்திரத்தால்தான் செய்ய முடியும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். அந்தக் காலத்து நூறு ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு ஆறு லட்சத்தை வெறும் முத்திரைத்தாளில் எழுதி முடிக்கிறார்கள். வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருந்தால் இன்னும் மோசம். தவணை தவறினால் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும், ஒத்திக்காரர் தெருவில் நிற்பார், உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார்.

ஒத்தியின் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. அடுத்து வரும் ஒத்திக்காரரின் பணத்தில்தான் முந்தையவருக்குக் கொடுப்பது. அடுத்தவர் வராவிட்டால்? என் உறவில் ஒரு அம்மாவுக்கு அதுதான் நடந்தது. பெயர் வேண்டாம். கணவர் இல்லை. கீழ் வீட்டை ஆறு லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டு மகள் கல்யாணத்தை முடித்தார். மூன்று வருடம் முடிந்தது. குடியிருந்தவர்கள் சொந்தமாக மனை வாங்கிவிட்டார்கள், பணம் வேண்டும். இவரிடம் இல்லை, புது ஆளும் அமையவில்லை. அவர்களாலும் போகமுடியவில்லை, இவராலும் போகச்சொல்ல முடியவில்லை. வாடகை இல்லாமல் ஒன்றரை வருடம் ஓடியது, வீட்டு வரி மட்டும் இவர் கட்டினார். ஒரே வாசல், முகம் கொடுத்துப் பேச்சில்லை.

முடிவில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி, வக்கீல் வைத்து எழுதிக்கொண்டார்கள். மகளும் மருமகனும் மூன்று லட்சம் புரட்டிக் கொடுத்தார்கள். மீதி மூன்று லட்சத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்து அவர்கள் காலி செய்தார்கள். கீழ் வீட்டுக்கு இப்போது மாத வாடகை எட்டாயிரத்துக்குப் புது ஆள். எழுத்தில் ஒப்பந்தம், மூன்று மாத முன்பணம், பதிவும் ஆகிவிட்டது. வரும் எட்டாயிரத்தில் ஏழாயிரம் மாதம் ஐந்தாம் தேதி பழைய ஒத்திக்காரர் கணக்குக்குப் போகிறது. இன்னும் முப்பத்தொரு தவணை பாக்கி.