கொழுப்பைத் தமனிச் சுவருக்குள் தள்ளும் உயர் ரத்த அழுத்தம்: கணித மாதிரிகள் கூறுவது என்ன?

பெங்களூரு: ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஒரே அளவில் உள்ள இருவரில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவரின் தமனிகளில் கொழுப்பு படியும் அபாயம் அதிகம். இதன் காரணத்தைக் கணித மாதிரிகள் விளக்குகின்றன.

பெங்களூரு ஜெயதேவா இதயநோய் நிறுவனம், இளம் வயதில் இதயத் தமனி நோய்க்கு ஆளாவோருக்கான தனிப் பதிவேட்டை 2017-ஆம் ஆண்டில் தொடங்கியது. நாட்டின் வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தமும், 24 சதவீதத்தினருக்கு அதிக கொலஸ்ட்ராலும் இருப்பதாக, 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு தெரிவித்தது.

உடலே தரும் சான்று

நுரையீரல் தமனியிலும் அதே ரத்தமே பாய்கிறது. ஆனால் அங்கு அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். கொழுப்புப் படிவும் அரிது. காலிலுள்ள சிரையில் பொதுவாகப் படிவு ஏற்படுவதில்லை. அதையே பைபாஸ் சிகிச்சையில் இதயத்தில் பொருத்தினால், தமனியின் அழுத்தத்துக்கு உட்பட்டுச் சில ஆண்டுகளில் படிவு உருவாகக்கூடும்.

மாதிரி இயங்கும் விதம்

தமனியின் உட்புறத்தை ஒற்றை அடுக்குச் செல்கள் மூடியுள்ளன. ரத்த அழுத்தம் இவ்வடுக்கின் வழியே நீரைச் சுவருக்குள் கசியச் செய்கிறது. அந்நீருடன் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் துகள்களும் நுழைகின்றன. மணலில் நீர் கசிவதற்கு 1856-இல் வகுக்கப்பட்ட டார்சி விதியே இக்கணக்கீட்டுக்கும் அடிப்படை. அழுத்தம் உயர்ந்தால் கசிவு கூடும். சுவரும் விரிந்து, துகள்கள் நுழைவது எளிதாகும்.

முயல்களின் பெருந்தமனியில் நடத்தப்பட்டு 1990-இல் வெளியான ஆய்வில், 70 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் இருந்ததைவிட 160-இல் சுவருக்குள் எல்டிஎல் பன்மடங்கு சேர்ந்திருந்தது.

தமனி கிளை பிரியும் இடங்களில் ரத்த ஓட்டம் சீர்குலைவதால் படிவு அங்கேயே அதிகம். ஒவ்வொரு துடிப்புக்கும் இதை முப்பரிமாணத்தில் கணக்கிட மிகுந்த கணினித் திறன் தேவை. இத்தகைய பெரும் அறிவியல் கணக்கீடுகளுக்கென பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 3.3 பெட்டாஃபிளாப் திறனுள்ள 'பரம் பிரவேகா' மீத்திறன் கணினி 2022-இல் நிறுவப்பட்டது.

மாதிரியின் எல்லை

சுவருக்குள் எவ்வளவு கொழுப்பு நுழையும் என்பதை மாதிரி மதிப்பிடும். அது தங்கி அடைப்பாக மாறுவது, அழற்சி, புகைப்பழக்கம், நீரிழிவு போன்றவற்றையும் பொறுத்தது. எனவே தனிநபருக்கு மாரடைப்பு வருமா என்பதை இதைக்கொண்டு மட்டும் கூற இயலாது.

எனினும், கொலஸ்ட்ரால் அளவு இயல்பாக உள்ளது என்பதற்காக ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. இரண்டையும் சேர்த்தே பரிசோதித்துக் கட்டுப்படுத்துவது அவசியம்.